சித்திரைக் குஞ்சுகளும் ஐப்பசிக் குஞ்சுகளும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று பல வருடமாகக் கிடந்தது. முதலில் கப்பி, அப்புறம் மோலி. போன மாசியில் அதை முழுசாகக் காலி செய்து அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டஸுக்காகத் தயார் செய்தேன். பெரு நாட்டு அமேசான் பகுதியின் ஓடைகளில் வாழும், சிக்லிட் குடும்பத்துச் சின்ன மீன் இது. ஆண் மூன்று அங்குலம் வாக்கில் வளரும், பெண் அதைவிடச் சிறிது. ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்கத்து முட்கள் கொண்டை மாதிரி நீண்டு நிற்கும். காக்கட்டூ கிளியின் கொண்டையை நினைத்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள்.

சிக்லிட் என்றால் நமக்கு அந்நியமான குடும்பம் இல்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளத்துக்குக் குளம் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். அது குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அபிஸ்டோ பொந்துக்குள் முட்டையிட்டுக் காக்கும். பிள்ளை வளர்க்கும் குணம் இரண்டுக்கும் உண்டு.

சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் ஓர் ஆணும் மூன்று பெண்ணும் வந்தன. விடிகாலையில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். ஓர் ஆண் பல பெண்களோடு வாழும் இனம் என்பதால் இந்தக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எல்லை வேண்டும். இரண்டடித் தொட்டியில் மூன்று பெண்ணுக்கு இடம் போதாது என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. மூலைக்குத் துரத்தப்பட்ட ஒரு பெண் செத்துப்போனது. இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த மீனின் சாவு என் தவறுதான்.

தொட்டிக்குள் சலித்துக் கழுவிய பொடி மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா பாசி. பொந்துக்குத் தேங்காய்ச் சிரட்டை. நாரை நன்றாகச் சுரண்டி, நாலைந்து முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தேன். ஓட்டை சின்னதாக இருப்பது முக்கியம். பெண் நுழையலாம், ஆண் நுழையக் கூடாது. அழகுக்காகத் தாழையூத்துப் பக்கம் பொறுக்கி வந்த வெள்ளைக் கற்கள் சிலவற்றையும் போட்டேன்.

பங்குனியில் முதல் முட்டை. சிரட்டையின் உள்கூரையில் சிவப்பாக, எழுபதாவது இருக்கும். இரண்டாம் நாள் பாதி வெள்ளையாகிவிட்டது, மூன்றாம் நாள் மொத்தமும் பூஞ்சை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன், 840 காட்டியது. வீட்டு போர் தண்ணீரே 700-க்கு மேல். மீதியை அந்தக் கற்கள் ஏற்றியிருக்கின்றன. ஒரு கல்லில் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. தாழையூத்து சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் ஆலை அங்கே வந்ததே அதனால்தான். அமேசான் ஓடை மீனை நான் சுண்ணாம்புத் தண்ணீரில் முட்டையிட வைத்திருக்கிறேன். வளர்ந்த மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும், முட்டைக்குத்தான் உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும்.

கற்களை எடுத்துப்போட்டேன். போர் தண்ணீரை விட்டுவிட்டுத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். அதில் மீட்டர் 120 காட்டியது. குளோரின் போக ஒருநாள் வாளியில் வைத்து ஏர் பம்ப் ஓட்டிவிட்டு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால்வாசி கால்வாசியாக மாற்றினேன். ஒரே நாளில் முழுசாக மாற்றினால் மீன் அதிர்ந்துபோகும். கூடவே தானாகப் பழுத்து விழுந்து காய்ந்த பாதாம் மரத்து இலை நாலு. சாலையோர மரத்து இலையை எடுக்கவில்லை, புகையும் தூசியும் படிந்திருக்கும். ஒரு வாரத்தில் தண்ணீர் இளம் தேயிலை நிறத்துக்கு வந்தது.

சித்திரை பத்து தேதி வாக்கில் பெரிய பெண் மறுபடியும் சிரட்டைக்குள் போனது. வெளியே தலைகாட்டியபோது உடம்பு முழுக்க மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது, அடித்துடுப்பில் மட்டும் மை தீட்டியது போலக் கறுப்பு. இந்த நிறம் வந்துவிட்டால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். நான் மணிக்கு ஒருதரம் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி கீழே இருந்து சத்தம் போட்டாள்: “ஏல, பிள்ள பெத்தவள இப்படியா எட்டி எட்டிப் பாப்பாவ? பயந்துருவால்ல. பேசாம இறங்கி வா.” ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. பயந்துபோனால் தாயே முட்டையைத் தின்றுவிடும். தொட்டியின் முன்பக்கம் ஒரு பழைய வேட்டித் துணியைத் தொங்கவிட்டேன்.

எட்டாம் நாள் காலையில் துணியை விலக்கினேன். மணலுக்கு ஓர் அங்குலம் மேலே புள்ளிபுள்ளியாக ஒரு மேகம், நடுவில் தாய். உடம்பை ஒருமுறை வெட்டி உதறியதும் அத்தனை குஞ்சும் மணலில் அமர்ந்து அசையாமல் கிடந்தன. ஆபத்து நீங்கியதும் வேறொரு அசைவு, எல்லாம் எழுந்து அதன் பின்னால் போயின. அரிசி மணியில் பாதிகூட இல்லாத உயிர்களுக்கு அந்த அம்மா பேச்சு புரிகிறது. அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

சாப்பாட்டுக்கு ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் மாதிரி உயிர். ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் சேர்க்காத தூத்துக்குடிக் கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டி, தூள் போல இருக்கும் ஆர்ட்டீமியா முட்டை கால் டீஸ்பூன், அடியிலிருந்து காற்று. நம்ம வெயிலுக்கு 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். ஒரு ஓரத்தில் வெளிச்சம் காட்டினால் குஞ்சு ஆர்ட்டீமியா எல்லாம் அங்கே கூடும், ஓடு மேலே மிதக்கும். குழாய் வைத்து உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். காலையும் மாலையும் அந்த வயிறுகளைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஊறிய பாதாம் இலையின் மேல் படியும் வழவழப்பையும் இடையிடையே கொத்தித் தின்றன.

ஆடி கடைசியில் எண்ணினேன். பிழைத்தவை 31. அதில் 26 ஆண், 5 பெண். கொண்டை எழாமல் பெண் போல நடிக்கும் ஆண்களும் உண்டு என்பதால் இன்னும் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன், கணக்கு மாறவில்லை.

காரணம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், அபிஸ்டோகிராமா இனங்களில் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். சூடு கூடினால் ஆண் கூடும். முட்டையிட்ட பிறகு வரும் முதல் சில வாரங்களிலேயே அது முடிவாகிவிடும். என் குறிப்பு நோட்டைப் புரட்டினேன். சித்திரை, வைகாசி முழுக்க மச்சுத் தொட்டியில் 31, 32 டிகிரி. மேலே மொட்டை மாடி காங்கிரீட், கீழே மீன். பாளையங்கோட்டை வெயில்தான் இத்தனை குஞ்சுகளை ஆணாக்கியிருக்க வேண்டும்.

பழைய ஆண் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தேன். ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் மறுபடி சேர்த்தேன். இந்த முறை தொட்டி கீழே, ஆச்சி படுக்கும் அறையை ஒட்டிய நிழலான மூலையில். மொட்டை மாடியை முதல் மழை கழுவிவிடட்டும் என்று காத்திருந்து, அடுத்த மழைநீரைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தேன். தெர்மாமீட்டர் 26-ஐ ஒட்டியே நின்றது. முட்டை பொரிய ஒருநாள் கூடுதலாக ஆனது, குஞ்சுகளும் மெதுவாகத்தான் வளர்ந்தன. தை கடைசியில் எண்ணியபோது 38 குஞ்சு: ஆண் 17, பெண் 21.

ஒரு வீட்டில் இரண்டு ஈட்டை வைத்து இதுதான் விதி என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீரும் இடமும்கூட மாறியிருக்கின்றனவே. ஆனால் நம்ம ஊரில் அபிஸ்டோ வளர்க்க நினைப்பவர் ஹீட்டருக்குக் காசு செலவழிக்கும் முன் ஃபேனுக்குச் செலவழியுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்து, தண்ணீர் மேல் காற்று படும்படி ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதை உப்பில்லாத தண்ணீரால் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் டிடிஎஸ் ஏறும். மாசி வெயில் இப்போதே உறைக்க ஆரம்பித்துவிட்டது. நேற்று அந்த ஃபேனை மாட்டினேன். ஐப்பசிக் குஞ்சுகளில் மூத்த பெண்கள் இரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றை டவுனில் மீன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஜோடி ஜோடியாகக் கொடுக்கப் பேசியிருக்கிறேன். சித்திரைக் குஞ்சுகளை ஜோடியாகக் கேட்டபோது அவருக்கு என்னால் ஐந்துக்கு மேல் கொடுக்க முடியவில்லை.

இன்று காலை பழைய தாய் மறுபடியும் மஞ்சளாகி நிற்கிறது. தண்ணீர் 27. வேட்டித் துணியைத் தொங்கவிட்டாயிற்று.