ஆசிரியர் ஓய்வறைச் சீட்டும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

சம்பளம் எடுத்த மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் ஓய்வறைக் கதவு பாதி சாத்தியபடி கிடக்கும். கொப்பிக் கட்டோடு வாசலில் நிற்கும் மொனிற்றருக்கு உள்ளேயிருந்து "பதினைஞ்சு... பதினாறரை... பதினெட்டு" என்பது மட்டும் கேட்கும். கணக்குப் பாடம் அல்ல, கழிவுச் சீட்டு: அந்த மாதச் சீட்டில் யார் கூடிய ஆயிரம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கே சீட்டு. திருகோணமலையில் படித்த எங்களில் பலருடைய சைக்கிளும், அக்காமாரின் தோடும், வீட்டுக் கூரையின் அரைவாசி ஓடும் அந்த மாதிரிச் சீட்டுகளில் வந்தவைதாம்.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சீட்டுப் பிடிக்கிற பழைய மாணவர்கள் உண்டு. ஊரில் இருந்த ஒழுங்கு அங்கே பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழைய மாணவர் மலருக்கு நினைவுக் கட்டுரை கேட்டார்கள். நினைவில் நிற்பது அந்த ஒழுங்கு, அதையே எழுதுகிறோம். தொகைகளை மட்டும் இக்காலத்துக்கு மாற்றியிருக்கிறோம்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சீட்டு ஒரு இலட்சம். முதற் சீட்டு கழிவில்லாமல் தாச்சிக்கு, அதாவது சீட்டைப் பிடித்து நடத்துகிறவருக்கு. அது சும்மா கொடுக்கிற மரியாதை அல்ல. யாராவது கட்டத் தவறினால் அன்றைக்கே தன் கையால் போட்டுச் சீட்டை நிறைவாக்க வேண்டியவர் அவர். அதற்கான கூலிதான் அந்த முதல் இலட்சம். இரண்டாம் மாதத்திலிருந்து கழிவு கேட்கலாம். ஒரு ரீச்சர் 18,000 கழித்து எடுக்கிறார் என்றால் அவருக்கு வருவது 82,000.

அந்த 18,000 யாருக்கு? இங்கேதான் இரண்டு வழக்கம் உண்டு. இருபது பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 900 குறையும், எல்லோரும் 4,100 கட்டுவார்கள். மற்ற வழக்கத்தில், எடுத்தவர் முழுக்காசு கட்ட வேண்டும். தாச்சியும் ரீச்சரும் 5,000 வீதம் கட்ட, இன்னும் எடுக்காத பதினெட்டுப் பேருக்கு ஆயிரம் ஆயிரமாகக் குறைந்து, அவர்கள் 4,000 வீதம் கட்டுவார்கள். இரண்டிலும் கூட்டினால் 82,000 வரும். எது என்று முதல் நாளே கொப்பியில் எழுதாமல் விட்ட சீட்டுகள் நாலாம் மாதத்தில் சண்டையில் நிற்கும். எங்கள் எண்ணம் இரண்டாவது வழக்கம்தான் நியாயம் என்பது. பொறுத்திருக்கிறவருக்குத்தானே கூலி வரவேண்டும்.

படித்தவர்களும் சறுக்குகிற கணக்கு ஒன்று இருக்கிறது. "பதினெட்டு மாதத்துக்குப் பதினெட்டாயிரம், இலட்சத்துக்கு மாதம் ஒரு வீதம்தானே" என்பார்கள். இல்லை. ரீச்சர் முதல் மாதம் 5,000 கட்டிவிட்டார். இரண்டாம் மாதக் காசையும் கழித்தால் அவர் கைக்கு உண்மையில் வருவது 77,000. அதன்பின் பதினெட்டு மாதம் 5,000 வீதம் 90,000 கட்டுகிறார். கடனோ மாதாமாதம் கரைந்துகொண்டே போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ இரண்டரை வீதம், வருடத்துக்கு முப்பதுக்குக் கிட்ட. கூரை ஒழுகுகிறது என்றால் எடுக்கலாம். புதிய ரீவிக்கு எடுக்கிறவர் இந்த எண்ணை ஒருமுறை கொப்பி ஓரத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஆகவே கழிவுக்கு உச்ச வரம்பு வையுங்கள். இலட்சத்துக்கு 20,000 போதும். இரண்டு பேர் வரம்பைத் தொட்டால் குலுக்கிப் போடுங்கள். வாயால் கேட்பதைவிடத் துண்டில் எழுதி மடித்துக் கொடுப்பது மேல். ஏனென்றால் எடுக்கிற எண்ணமே இல்லாமல், தன் பங்கு கூடவேண்டும் என்று கழிவை ஏற்றிவிடுகிற ஆள் எல்லாச் சீட்டிலும் ஒருவர் இருப்பார். துண்டில் ஒரே தரம்தான் எழுதலாம் என்றால் அவர் பொய்யாக எழுதத் தயங்குவார். மற்றவர்கள் குறைவாக எழுதியிருந்தால் சீட்டு அவர் தலையில் விழுந்துவிடுமே!

கொப்பி, கெட்டி மட்டை போட்டுத் தைத்த சீ.ஆர். கொப்பியாக இருக்கவேண்டும், தாள் கிழித்தால் தெரியும். மாதத்துக்கு ஒரு பக்கம். தொடர் இலக்கம், பெயர், கட்டவேண்டியது, கட்டியது, திகதி, ஒப்பம், கடைசியில் குறிப்பு. மேலே அந்த மாதக் கழிவும் எடுத்தவர் பெயரும். இப்போது வட்ஸ்அப்பில் வங்கிச் சிட்டையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இருபது பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிற வசதி அதில் இல்லை.

சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாமல் விடுவதற்கு மருந்து பிணையாள். எடுக்கிறவர், இன்னும் எடுக்காத ஒருவரைப் பிணையாகக் கொண்டுவர வேண்டும். தவறினால் பிணையாளின் சீட்டில் வெட்டப்படும். கடைசி மாதங்களில் பிணை நிற்க ஆள் குறையும், ஆனால் அப்போது பாக்கித் தவணையும் குறைந்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து தாச்சியிடமிருந்தே வரும். ஒருவர் மூன்று சீட்டுப் பிடித்து, ஒன்றின் ஓட்டையை இன்னொன்றின் காசால் அடைக்கத் தொடங்கினால் மூன்றும் ஒரே மாதத்தில் முறியும். ஒரு தாச்சிக்கு ஒரு சீட்டு. இலங்கையில் 1935ஆம் ஆண்டிலேயே 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சீட்டுகளுக்கென்று வந்ததும் இந்த மாதிரி முறிவுகள் பழையவை என்பதைக் காட்டுகிறது.

மீனவர் வாழும் திருக்கடலூர்ப் பக்கம் மாதச் சீட்டு சரிவராது. மாரியில் கடல் கொந்தளித்தால் தொழில் இல்லை. வருமானம் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில். அங்கே கிழமைச் சீட்டு, இருபது கிழமைக்கு மேல் இழுக்காமல், ஐப்பசிக்கு முன்னர் முடிகிற மாதிரி. கையில் காசு புழங்குகிற காலத்தை வைத்துத்தான் தவணையைப் போடவேண்டும்.

விலை ஏறுகிற காலத்தில் நீண்ட சீட்டு கடைசி ஆளை ஏமாற்றிவிடும். 2022 பங்குனித் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, வைகாசியில் 360ஐத் தொட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் சேர்ந்து இருபதாம் சீட்டை எடுத்தவருக்குக் கிடைத்த இலட்சம், அவர் சேர்ந்தபோது நினைத்த இலட்சம் அல்ல. அப்படியான நேரத்தில் பத்துப் பேர், பத்து மாதம் என்று குறுக்குங்கள். வெளிநாட்டில் பிடிக்கிறவர்கள் கனடா டொலரையும் ரூபாயையும் ஒரே சீட்டில் கலக்கவே கூடாது.

நுண்கடனோடு இதைச் சிலர் ஒப்பிடுகிறார்கள். அங்கேயும் குழு உண்டு, ஒருவருக்கு ஒருவர் பிணையும் உண்டு. வட்டி மட்டும் ஊரைவிட்டுப் போய்விடும். சீட்டில் ரீச்சர் விட்ட 18,000மும் அதே அறையில்தான் இருக்கிறது. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய, இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வரவேண்டி வந்தது.

கொப்பியின் கடைசி நிரலை, அந்தக் குறிப்பு நிரலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவர் வீட்டில் சத்திர சிகிச்சை, செத்தவீடு என்று வந்தால், "இந்த மாசம் அவவுக்கு விடுவம்" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் வெறுந்துண்டை மடித்துக் கொடுப்பார்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ கழிவில் சீட்டு அவருக்குப் போகும். ஒரு சீட்டில் இப்படி இரண்டு தரத்துக்கு மேல் விட்டால் பொறுத்திருக்கிறவர்களின் பங்கு கரைந்துவிடும், அதனால் இதற்கும் எண்ணிக்கை வையுங்கள். காரணத்தை விளக்கமாக எழுதவேண்டாம், பிறகு கொப்பி பல கைகளுக்குப் போகும். அந்த நிரலில் "தேவை" என்று ஒரு சொல், பக்கத்தில் தாச்சியின் ஒப்பம்.