இடமிருந்து வலம்

பத்திரிகை அலுவலகத்தில் படங்களைத் தேர்வு செய்யும் வேலையைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். செய்தி டெஸ்கில் படத்தைக் கடைசியில்தான் நினைத்துக்கொள்வார்கள். "மூணு பத்தி இடம் மிச்சமிருக்கு, ஏதாவது படம் குடுங்க." காலையில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த மிச்ச இடத்தைத்தான்.

போராட்டப் படங்கள் வந்தால் எனக்கு வேலை கூடிவிடும். தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் தோளோடு தோள் உரசுவதுபோல் இருக்கும். சின்னக் கூட்டம்கூட ஜனசமுத்திரமாகிவிடும். அதையே மாடியிலிருந்து, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் எடுத்தால் பாதித் தெரு காலி. நான் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தால், "இதுல உயிரே இல்லையே சார்" என்பார் பக்கம் வடிவமைப்பவர். உயிர் இல்லைதான். ஆனால் அன்று வந்த கூட்டம் அவ்வளவுதானே!

ஒட்டுவேலை செய்தால் தண்டனை நிச்சயம். 2003-ல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி இரண்டு படங்களைக் கணினியில் ஒன்றாக்கி அனுப்பினார், வேலை போயிற்று. ஓரத்தை வெட்டிக் கூட்டத்தைப் பெருக்கிக் காட்டியதற்காக யாருக்கும் வேலை போய் நான் பார்த்ததில்லை.

படக்குறிப்பு இன்னும் பாவப்பட்டது. 1993 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் சூடானில் எடுத்த படம் வந்தது. பசியில் குனிந்து சுருண்ட குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. குழந்தை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் விடாமல் கேட்க, பத்திரிகை ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதிலும் முழுப் பதில் இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றி எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. வாசகர் கேட்டது நியாயமான கேள்வி, அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்த மூத்த புகைப்படக்காரர் ஒருவர் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார். படம் எடுத்த கையோடு, "நீலச் சட்டை - தலைவர், மூக்குக் கண்ணாடி - செயலாளர், குழந்தையோடு நிற்பவர் - மனுதாரர்" என்று இடமிருந்து வலமாகக் குறித்துக்கொள்வார். எழுத்துப்பிழை மலியும். ஆனாலும் அவர் படத்துக்குப் பெயர் கேட்டு ராத்திரி யாருக்கும் போன் போட வேண்டியிருக்காது. இளைஞர்கள் பிரமாதமான வெளிச்சத்தில் படம் அனுப்புவார்கள், யார் என்று கேட்டால், "அங்க இருந்த ஒருத்தர் சார்."

இப்போது வாசகர்களே கைபேசியில் எடுத்து அனுப்புகிறார்கள். சம்பவ இடத்துக்கு நம் ஆள் போய்ச் சேருவதற்குள் படம் வந்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் மழை வெள்ளம் என்றால் போன வருடத்துப் படமும் சேர்ந்தே வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த தேதி, நேரம் எல்லாம் உதிர்ந்துபோய்விடும். அதனால் அசல் கோப்பைக் கேட்போம். அப்புறம், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அனுப்பச் சொல்வோம். தானே எடுத்தவர் உடனே நாலைந்து அனுப்பிவிடுவார். ஃபார்வர்ட் செய்தவரிடமிருந்து அதற்குமேல் பதிலே வராது.