சித்திர மாஸ்டரின் 8 சத முத்திரை

எங்கள் கல்லூரியில் சித்திரம் படிப்பித்த சித்திர மாஸ்டர் காலமான செய்தி கிடைத்த நாள் முதல், அவரைப் பற்றி எழுத நினைக்கும் போதெல்லாம் ஒரு முத்திரைதான் என் கண்முன் வந்து நிற்கிறது. 1973 ஜனவரி 26 அன்று அமெரிக்க அஞ்சல் சேவை பிலடெல்பியாவில் வெளியிட்ட 8 சத 'லவ்' முத்திரை அது. மேலே எல், ஓ. கீழே வி, ஈ. சிவப்பு எழுத்துகளுக்கு இடையே பச்சையும் நீலமும். கடல் கடந்த பழைய மாணவர் ஒருவரின் கடித உறையிலிருந்து அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி, மாஸ்டர் தமது ஏட்டில் சேர்த்திருந்தார்.

வேப்பமரத்தடி அறையில் அதைச் சாவணத்தால் பிடித்து வாங்கு வாங்காகக் கொண்டுவந்து காட்டியவர், எழுத்துகளை விட்டுவிட்டு இடையில் இருக்கும் பச்சையையும் நீலத்தையும் மட்டும் வரையும்படி சொன்னார். வரைந்து முடிந்ததும், நாங்கள் தொடாத சிவப்பு எழுத்துகள் வெள்ளைத் தாளில் தாமாகவே எழுந்து நின்றன. அடுத்து, சரிந்திருக்கும் ஓவை நிமிர்த்தி வரைய வைத்தார்; முழுக் கட்டமும் உயிரற்றுப் போனதைக் கண்ணால் கண்டோம். வெற்றிடமும் வடிவமே என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்த ஒரு பாடம்தான்.

அமெரிக்க ஓவியர் ரொபேர்ட் இண்டியானா 1965இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் நத்தார் வாழ்த்து அட்டைக்காக அந்த வடிவத்தை அமைத்தார் என்பதையும், அவருடைய தந்தை வேலை செய்த பெற்றோல் நிறுவனத்தின் சிவப்பு-பச்சைப் பலகை நீல வானத்தின் முன் நின்ற காட்சியிலிருந்தே அந்த நிறங்கள் வந்தன என்பதையும் வெளிநாடு வந்த பிறகுதான் படித்தேன். 1970இல் அது எஃகுச் சிற்பமானது. 30 கோடிக்கும் மேல் அச்சிடப்பட்ட முத்திரைக்கு அவர் பெற்றது 1000 டொலர் மட்டுமே. பதிப்புரிமை இல்லாததால் யார் வேண்டுமானாலும் அதைப் பிரதி செய்தார்கள். கையொப்பமிடாமல் எத்தனையோ நாடகத் திரைகளை வரைந்து தந்த மாஸ்டருக்கு இந்தச் செய்தி உறைத்திருக்கும்.

பிலடெல்பியாவின் லவ் பூங்காவில் 1976இல் வைக்கப்பட்ட அலுமினியச் சிற்பத்தின் முன் நின்றபோது, முத்திரையில் தட்டையாகக் கிடந்த எழுத்துகள் பருமனும் பக்கங்களும் கொண்டு எழுந்திருந்தன. நீலம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் ஊதா இருந்தது. 2018இல் முடிந்த புதுப்பிப்பில் மீட்கப்பட்ட மூல நிறம் அதுவாம். ஓவின் ஊடாக மரங்களும் நடந்து போகிறவர்களும் தெரிந்தார்கள். மாஸ்டர் வரையச் சொன்ன வெற்றிடம் அங்கே கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருந்தது. அதை அவரல்லவா பார்த்திருக்க வேண்டும்!

நாங்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டோம். அவர் அந்த அறையிலேயே இருந்து, எங்கள் கடித உறைகளில் வந்த முத்திரைகளின் வழியே உலகத்தைப் பார்த்தார். நான் கணக்கியல் படிக்க வெளிக்கிட்டபோது, கிழமைக்கு ஒரு படமாவது வரையும்படி மட்டுமே கேட்டார். ஊரில் நின்றிருந்தால் அவருக்குப் பின் அந்த அறையில் நானே சித்திரம் படிப்பித்திருப்பேனோ என்ற எண்ணம், வயது ஏற ஏறப் பலமாகிறது. அவருடைய முத்திரை ஏடுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று அறிந்தவர்கள் பழைய மாணவர் சங்கத்துக்குத் தெரிவித்தால், குடும்பத்தாரின் சம்மதத்துடன் அவற்றைக் கல்லூரி நூலகத்தில் பிள்ளைகள் பார்க்கும்படி வைப்பதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.