டிபி மாத்திரையை 11 நாள் விட்டேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை

கடைசிச் சளிப் பரிசோதனையும் போன வாரம் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. கோர்ஸ் முடிந்தது. நிம்மதிதான். ஆனாலும் மூன்றாவது மாதத்தில் பட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அன்று நான் நின்ற இடத்தில் இன்று வேறு யாரோ மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடித்ததும் மருந்து தொடங்கியதும் சிக்கலில்லாமல் நடந்தன. நுரையீரல் டிபி, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகை, 6 மாதக் கோர்ஸ். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த மாத்திரை, அதன்பின் மருந்துகளின் எண்ணிக்கை குறையும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. இரண்டாவது மாத முடிவில் இருமல் நின்றிருந்தது, எடை கூடியிருந்தது, சளியில் கிருமி இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

நான் சரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வரும். அதன்பின் தூக்கம் கிடையாது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்தால், இதை விழுங்கி மட்டும் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஒரு நாள் விட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு நாள். மறந்துபோய் விட்டதாக நினைக்காதீர்கள். மாத்திரை கண்ணெதிரேதான் இருந்தது, கை நீளவில்லை. வீட்டில் கேட்டால் போட்டாச்சு என்பேன். அட்டையிலிருந்து பிரித்துக் குப்பையில் போட்ட நாளும் உண்டு.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை. இருமல் இருந்த ஆரம்ப நாட்களில் தனி அறையில் நியாயம் உண்டு. ஆனால் டிபி காற்று வழியாகப் பரவுவது, தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் நிலையும் போய்விடும். இதை என் வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து யாராவது சொல்லியிருந்தால், கிருமி போன பிறகும் மூன்றாவது மாதம் முழுக்க நான் அந்த அறையில் தனியாகக் கிடந்திருக்க மாட்டேன்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர் மிச்ச மாத்திரைகளை எண்ணினார். எட்டு நாளுக்கானது அதிகமாக இருந்தது. "ஏன் மிச்சம் இருக்கு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மருந்துக்கு அடங்காத டிபி வருது!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்ன விஷயம் பொய்யில்லை. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடும், அப்புறம் சிகிச்சை இன்னும் கடினமாகும். அது எனக்கும் தெரியும். ஆனால் "ஏன்" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்று வரை விட்டது 8 நாள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, தொடர்ந்து இன்னும் 3 நாள் விட்டேன்.

நான்காவது நாள் ஒரு சிஸ்டர் போனில் கூப்பிட்டார். மாத்திரை பற்றி முதலில் எதுவுமே கேட்கவில்லை. "ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். அழுதுவிட்டேன். மறுநாளே வரச் சொன்னார்.

போனதும் ஒரு தாளை எடுத்து வைத்தார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எதிலும் ஆர்வமில்லையா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களையே குறையாக நினைக்கிறீர்களா என்று போகும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. முதலில் 0 என்று சொன்னேன். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை, பதறவில்லை, தனியாக இருக்கிறீர்களா, யார் கூட இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து, என் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டார். மொத்தம் 17 வந்தது. மனச்சோர்வு கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது, மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும் என்றார். அந்த ஒன்பதாவது கேள்விக்கு உங்கள் பதில் 0 இல்லை என்றால் தாள் வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விட்ட நாட்களைப் பற்றி டிபி டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. நான் விட்டது முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு என்பதால் கோர்ஸை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட 11 நாளையும் கடைசியில் சேர்த்து முடித்தால் போதும் என்றார். முதல் இரண்டு மாதத்துக்குள் தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ விட்டிருந்தால் பொதுவாக முதலிலிருந்தே தொடங்கச் சொல்வார்களாம். எத்தனை நாள், எந்த மாதம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அதனால்தான் சொல்கிறேன், எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

என்னால் முடியாது, வார்டில் சேர்த்துக்கொண்டு நீங்களே மாத்திரை கொடுங்கள் என்றுகூட அவரிடம் கெஞ்சினேன். அவர் மெட்ராஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1956-ல் தொடங்கிய அந்த ஆய்வில் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்க டிபி நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழிவிட்ட ஆய்வு அது. "வீடு போதும், ஆனா கூட ஒரு ஆள் வேணும்" என்றார். அக்கா அன்றே பெட்டியோடு வந்துவிட்டாள்.

இனி அந்த மனநலப் பிரிவு அலைச்சல்.

முதல் நாள் போனேன். முன்னால் இருந்த ஊழியர் என் சீட்டைப் பார்த்தார். "டிபியா? அதை முடிச்சிட்டு வாங்க." அவ்வளவுதான். முடிய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அதை முடிக்க முடியாமல்தானே இங்கே வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன், குரல் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அப்போது அக்கா மட்டும் வீட்டில் இல்லையென்றால் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டேன்.

சிஸ்டரிடம் சொன்னதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. டிபி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். சளியில் கிருமி இல்லை, மற்றவர்களுக்குத் தொற்றும் நிலையில் இல்லை, மனநல ஆலோசனை அவசரம் என்று மூன்றே வரி. இரண்டாவது முறை அதை நீட்டியதும் அதே ஊழியர் பேசாமல் உள்ளே அனுப்பினார். இப்படி ஒரு கடிதத்தை நீங்கள் கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போனால் அடுத்த தடை. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் மனநல மருத்துவர். சிவப்பு மாத்திரை என்றேன். சிகிச்சைக் கார்டு வீட்டில் இருந்தது, கடிதத்தில் மருந்துகளின் பெயர் இல்லை. பட்டியல் இல்லாமல் எழுதித் தர மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நிமிடம் அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்றாவது முறை கார்டோடு போன பிறகுதான் அவர் செய்தது சரி என்று புரிந்தது.

ரிஃபாம்பிசின் ஈரலில் மருந்துகளை உடைக்கும் வேலையை வேகப்படுத்திவிடுமாம். கருத்தடை மாத்திரை தொடங்கி மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பல மாத்திரைகள் வரை உடம்பில் தங்காமல் சீக்கிரம் போய்விடும், வழக்கமான அளவு போதாமல் போகலாம். ஐசோனியாசிட்டோடு ஒத்துப்போகாத மனநல மருந்துகளும் உண்டு. டிபி மருந்துகளே ஈரலுக்குச் சுமை என்பதால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் எதையும் சேர்க்க முடியும். கால் எரிகிறதா, மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். ஆமாம் என்றேன், அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ஐசோனியாசிட் வைட்டமின் பி6-ஐக் குறைப்பதால் வருவது அது. பி6 மாத்திரை சேர்த்ததும் மெல்லக் குறைந்தது. அரிதாக, ஐசோனியாசிட்டே மனநிலையைக் கலைப்பதும் உண்டாம். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கும் சைக்ளோசெரினில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், அதைச் சாப்பிடுபவர்களும் வீட்டாரும் தூக்கம், பயம், குழப்பம் எதையும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஐசோனியாசிட்டின் நெருங்கிய உறவான இப்ரோனியாசிட் என்ற மருந்தை 1950-களின் தொடக்கத்தில் டிபி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களின் மனநிலை உயர்வதைக் கவனித்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றாக அது ஆனது அப்படித்தான். பிற்பாடு ஈரலைப் பாதித்ததால் கைவிட்டார்கள். என்றாலும், டிபி நோயாளிகளின் மனதை எழுபது வருடங்களுக்கு முன்பே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்களே! எனக்கோ அந்தக் கேள்வி வந்து சேர மூன்று மாதம் ஆனது.

புது மாத்திரை உடனே வேலை செய்யாது, சில வாரம் பிடிக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். இடையில் ஒருமுறை அளவைக் கூட்டினார். வாரம் ஒருநாள் கவுன்சலரோடு பேச்சு. அந்த வாரங்களை ஓட்ட உதவியது அக்காதான். காலையில் குமட்டியதால், டாக்டரைக் கேட்டு டிபி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பாள், நான் விழுங்குவேன், சிஸ்டருக்கு ஒரு சின்ன வீடியோ அனுப்புவோம். முதலில் சந்தேகப்பட்டுக் காவல் வைக்கிறார்களோ என்று கூசியது. சிஸ்டர் தினமும் "நல்லது, தூங்குங்க" என்று பதில் போடுவார். ஒரு மாதத்தில் அந்தப் பதிலுக்காகவே கை தானாக மாத்திரையை எடுக்க ஆரம்பித்தது. ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் முழு இரவும் தூங்கி எழுந்தேன். அன்று அந்தத் தனித் தட்டை அக்கா மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிட்டாள்.

கோர்ஸ் முடியப்போகிறவர்கள் இதை மட்டும் தவறவிடாதீர்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டு வாரம் போல ஆனதும் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை கூட்டிக் கொடுத்திருந்த மனநல மாத்திரை அப்போது அளவுக்கு அதிகமாகிவிடலாம். டிபி முடிந்ததே என்று அதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அதே அளவில் நீட்டிக்கொண்டும் போகக் கூடாது. கடைசி டிபி மாத்திரை எந்தத் தேதி என்று மனநல மருத்துவரிடம் முன்பே சொல்லி, அளவைத் திருத்த ஒரு நாள் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது அடுத்த வாரம்.

சேர்த்துக் கொடுத்த அந்த 11 நாளும் ஒன்றுவிடாமல் போட்டேன். கடைசி இரவு காலி அட்டையை அக்கா கையில் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு குழியாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் காலி" என்று சிஸ்டருக்கு அவளே வீடியோ எடுத்து அனுப்பினாள்.