வேடந்தாங்கல்ல ஒரு நாள், பாக்கெட்ல 40 மடங்கு ஜூம்

நேத்து ராத்திரி பத்து மணிக்குதான் வீடு வந்து சேர்ந்தேன், கால் இன்னும் கடுக்குது, ஆனா இப்பவே எழுதலைன்னா எழுதவே மாட்டேன். எப்படி போறது, எவ்ளோ செலவாகும், கையில இருந்த இந்த குட்டி கேமரா வாங்கலாமா வேணாமான்னு வரிசையா சொல்லணும்னுதான் உக்காந்தேன். அதுக்கு முன்னாடி அந்த கூழைக்கடாவ பத்தி சொல்லிடுறேன்.

காலைல ஏழரை மணி. ஏரிக்கரை மேல நிக்கிறோம், தண்ணிக்கு நடுவுல கடம்ப மரங்க, வெறும் கண்ணுக்கு மரத்து மேல யாரோ வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரிதான் தெரியுது. ஜூம் லீவர அப்படியே புடிச்சிட்டு இருந்தேன், லென்ஸ் கடைசி வரைக்கும் நீண்டுச்சு, ஸ்க்ரீன் முழுக்க ஒரு கூழைக்கடா மூஞ்சி! மேல் அலகு ஓரத்துல புள்ளி புள்ளியா இருக்கு, தொங்குற பைக்குள்ள குஞ்சு ஒண்ணு கழுத்து வரைக்கும் தலைய விட்டு மீன் தேடுது. நான் "டேய் மாப்ள இங்க வாடா"ன்னு கத்துனதுல பக்கத்துல பைனாகுலர் வச்சிருந்த பெரியவர் முறைச்சாரு. நியாயம்தான்.

கேமரா கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ். 2018ல வந்த மாடல், எனக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் ட்ராயர்ல தூங்கிட்டு இருந்தத பேரம் பேசி வாங்கினேன். பேட்டரியோட சேத்து 299 கிராம், சட்டை பாக்கெட்ல போட்டா கொஞ்சம் தொங்கும், அவ்ளோதான். லென்ஸ் 24 எம்எம்ல ஆரம்பிச்சு 960 எம்எம் வரைக்கும் போகும், அதான் அந்த 40 மடங்கு. கூட வந்த மாப்ள டிஎஸ்எல்ஆர் பார்ட்டி, அதாவது லென்ஸ் மாத்துற பெரிய கேமரா, அவனோட 150-600 லென்ஸ் மட்டுமே ரெண்டு கிலோ, ட்ரைபாட் வேற. நான் பாட்டுக்கு கைய வீசிட்டு போறேன், அவன் முருகருக்கு காவடி தூக்குற மாதிரி வர்றான்.

ஆனா 960ல ஒரு பறவைய கண்டுபிடிக்கிறதே தனி வித்தை. கை ஒரு நூல் அசைஞ்சா ஃப்ரேம்ல வெறும் இலை. இதுக்குன்னே ஒரு பட்டன் வச்சிருக்கான், அமுக்குனா ஜூம் பின்னாடி வந்து சுத்தி இருக்குறது எல்லாம் தெரியும், பறவைய கட்டத்துக்குள்ள கொண்டு வந்து விட்டா பழையபடி போயிடும். அந்த பட்டனுக்கே பாதி காசு குடுக்கலாம். கண்ண வச்சு பாக்குற வியூஃபைண்டர் கிடையாது, அதான் கடுப்பு. வெயில் ஏறுனதும் ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது, கர்ச்சீப்ப தலைல போட்டு எடுக்க வேண்டியதாயிடுச்சு.

கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா எல்லாம் உக்காந்த இடத்துலயே அழகா விழுந்துச்சு. பறக்குறது? மறந்துடுங்க. செகண்டுக்கு பத்து படம் அடிக்கும்னு பேரு, அதுலயும் ஃபோகஸ் முதல் படத்தோட நின்னுடும், அடிச்சு முடிச்சதும் கார்டுல ஏத்துறேன்னு கொஞ்ச நேரம் தியானத்துக்கு போயிடும், அதுக்குள்ள நாரை பக்கத்து சரணாலயம் கரிக்கிளிக்கே போய் சேர்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல இன்னொரு வம்பு, தண்ணி மேல கானல் எழும்ப ஆரம்பிச்சதும் தூரத்துல இருக்குறது எல்லாம் நெளியுது. அதுக்கு கேமராவ திட்டி பிரயோஜனம் இல்ல, மாப்ளயோட ரெண்டு கிலோ லென்ஸும் அதையேதான் எடுத்துச்சு. அதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சாப்பாடு சொல்லணும். வர்ற வழில ஒரு கூரைக் கடை, பேர்ப்பலகை கூட இல்ல, இட்லியும் வடைகறியும். வடைகறி சுடச்சுட, பட்டை சோம்பு வாசனையோட, உதிர்ந்தும் உதிராம. ஆளுக்கு ஏழு இட்லி. ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி பத்து ரூபா, அந்த அக்கா கணக்குல தப்பு பண்ணிட்டாங்களோன்னு திரும்பக் கேட்டேன், "சரியாதான் தம்பி இருக்கு"ன்னாங்க.

அங்க மிச்சம் புடிச்சதெல்லாம் ஆட்டோவுக்கு போச்சு. செங்கல்பட்டு வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின், அங்கிருந்து படாளம் கூட்ரோடு பஸ், அதுவரைக்கும் சில்லற செலவுதான். கூட்ரோட்ல இருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர், ஆட்டோ 600 ரூபா! "ரிட்டர்ன் காலியா வரணும்ல சார்"ங்கிறாரு. சரி சாயங்காலமும் நீங்களே வாங்கன்னா, அதுக்கும் 600. காலியா வர்ற கணக்கு அப்போ எங்க போச்சுன்னு கேட்டா சிரிக்கிறாரு.

வேடந்தாங்கலோட அழகே சாயங்காலம்தான். ஊர்க்காரங்க கேட்டு 1798லயே கலெக்டர் பாதுகாப்பு குடுத்த ஏரி இது. எச்சம் கலந்த தண்ணி பாயுற வயலுக்கு தனியா உரம் வேணாம்னு கரைல ஒரு தாத்தா சொன்னாரு. அஞ்சரைக்கு மேல கூட்டம் கூட்டமா வந்து இறங்குது பாருங்க, அரிவாள்மூக்கன் கோடு கோடா வருது, காது அடைக்கிற சத்தம். சரியா அந்த நேரத்துல இந்த கேமரா படுத்துடுச்சு. முழு ஜூம்ல லென்ஸ் எஃப் 6.9, ஜூம் இல்லாதப்போ 3.3, இந்த நம்பர் ஏற ஏற வெளிச்சம் குறையும், அதாவது வெளிச்சம் நாலுல ஒரு பங்கு கூட உள்ள வராது, படம் பதியுற சென்சாரோ சுண்டுவிரல் நகத்த விட சின்னது. இருட்டுல படத்த பளிச்சுன்னு காட்டுற ஐஎஸ்ஓவ 1600ன்னு ஏத்திப் பாத்தேன், இறகு எல்லாம் தண்ணி பட்ட வாட்டர்கலர். சென்சார் பதிஞ்சத அப்படியே சேமிக்கிற ரா ஃபைலும் கிடையாது, வீட்ல வந்து சரி பண்ணிக்கலாம்னா அதுவும் முடியாது. மாப்ள பக்கத்துல டக் டக்குன்னு அடிச்சிட்டு இருக்கான், காலைல இருந்த அல்ப சந்தோஷம் எல்லாம் போச்சு.

கடுப்புல கிழக்கால திருப்பினேன், நிலா அப்பதான் மேல வந்துட்டு இருந்துச்சு. நிலாவுக்குதான் சொந்த வெளிச்சம் மாதிரி அவ்ளோ பளிச்சுன்னு இருக்கே, ஃப்ரேம் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு வந்து நின்னுச்சு, பள்ளம் மேடு எல்லாம் தெரியுது. அத எடுத்துட்டு இருக்கும்போதே பேட்டரி சிவப்பு. ஒரு சார்ஜுக்கு 265 படம்னு கம்பெனி கணக்கு, இப்படி ஜூம நீட்டி மடக்கிட்டே இருந்தா அதுவும் வராது, கண்டிப்பா இன்னொரு பேட்டரி வாங்கணும், அதுக்கு அடுத்த மாச சம்பளம் வரணும்.

காலைல போறவங்க, உக்காந்த பறவை போதும்ங்கிறவங்க, முதுகு வலி இருக்குறவங்க தாராளமா வாங்கலாம். சாயங்காலக் கூட்டத்துக்காக வாங்கறதா இருந்தா வேணாம்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் ஸ்க்ரீன்ல கரண்டிவாயன பாத்துட்டு, "தினமும் இங்கதான் வண்டி ஓட்டுறேன், இதோட மூக்கு இப்படி இருக்கும்னு தெரியாது சார், எனக்கு வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க"ன்னாரு. மிச்சம் இருந்த சொட்டு சார்ஜ்ல வைஃபை போட்டு போனுக்கு மாத்தி அனுப்பினேன். அம்பது ரூபா கூட குறைக்கல.