பெத்தானியாவில் இறக்கிவைத்த பாரம்

ஒலிவ மலைக்கு அப்பால் இருக்கும் பெத்தானியா, எருசலேமிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தூரம் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. இன்று இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவர் குறுக்கே நிற்பதால், அந்த இரண்டு மைலைக் கடக்கப் பேருந்து நெடுந்தூரம் சுற்றுகிறது. அந்தத் தாமதம் எனக்கு நல்லதாகவே இருந்தது. மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகளும் இயேசு உயிரோடு எழுப்பிய அவர்கள் சகோதரன் லாசருவும் வாழ்ந்த ஊருக்குள் நுழையுமுன், லூக்கா 10ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க முடிந்தது. தன் வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்வதில் மார்த்தாள் வருத்தமடைந்து, அவர் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாள் தனக்கு உதவவில்லை என்று அவரிடம் முறையிடும் பகுதி அது.

விடியுமுன் எழுந்து ஜெபிக்காத நாள் வீணான நாள், சபையில் யார் எந்த வேலையைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது, வேதவாசிப்பு ஒருநாள் தவறினாலும் ஆண்டவர் முன் நிற்க முகமில்லை என்று, அவர் கேட்காத கணக்குகளை நானே எனக்கு எழுதி வைத்திருந்தேன். இந்த யாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு தலத்திலும் உள்ளம் உருக வேண்டும், கண்ணீரோடு ஜெபிக்க வேண்டும்.

கட்டடக் கலைஞர் அன்டோனியோ பர்லூசி வடிவமைத்து, 1950களில் பிரான்சிஸ்கன் துறவியர் எழுப்பிய புனித லாசரு ஆலயத்தில் வெளிச்சம் குறைவு. அதற்கு மேலே தெருவில், லாசருவுடையது என்று வழங்கப்படும் கல்லறையின் வாசல் இருக்கிறது. பாறையில் வெட்டிய 24 படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. எத்தனையோ பேர் மிதித்து வழவழப்பான அந்தப் படிகளில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் கால் வைக்க வேண்டும். அடியில் ஒரு சிறிய முன்னறை. அதிலிருந்து நன்றாகக் குனிந்து நுழைந்தால்தான் உடலைக் கிடத்திய அறை. அங்கே நின்றபோது நான் எதிர்பார்த்த உருக்கம் எதுவும் வரவில்லை.

ஆனால் வேறொன்று புரிந்தது. இங்கே கிடந்தவன் எதையும் செய்யவில்லை. அவன் ஜெபிக்கவில்லை, விசுவாசத்தைத் திரட்டவில்லை, கண்ணீர் விடவுமில்லை. கண்ணீர் விட்டவர் இயேசு. நாலு நாளாகச் செத்துக் கிடந்தவனை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்தார். கால்களும் கைகளும் பிரேதச் சீலைகளினால் கட்டப்பட்டபடியே அவன் வெளியே வந்தபோது, “இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள்” என்று அருகில் நின்றவர்களிடம் சொன்னார். கட்டை அவிழ்க்கும் வேலைகூட அவனுடையதாக இருக்கவில்லை. உணர்ச்சியற்று நின்ற என்னை, அந்த நிலையிலேயே அவர் ஏற்றுக்கொள்ளத் தடை என்ன இருக்கிறது? “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்” என்னும் அழைப்பில், வருவதற்கு முன் இன்னின்னதை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் இல்லை.

பிரசங்கங்களில் மார்த்தாளைக் குறைத்தே பேசிக் கேட்டிருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடிவதில்லை. “நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்று ஆண்டவர் சொன்னது அவளுடைய உழைப்பைப் பற்றியதன்று. அந்த உழைப்புக்குள் அவள் சுமந்த கலக்கத்தையும், தன் அளவுகோலால் தங்கையை அளந்ததையும் பற்றியது. தன் சகோதரனின் மரணத்துக்குப் பின், இயேசுவே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அவளே.

பஸ்கா என்னும் யூதர் பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு, இதே ஊரில் மறுபடியும் ஒரு விருந்து நடக்கிறது. மார்த்தாள் வழக்கம்போலப் பணிவிடை செய்கிறாள். மரியாள் வழக்கம்போல இயேசுவின் பாதத்தருகே இருக்கிறாள். இம்முறை மரியாளைக் குறை சொல்பவன், இயேசுவின் சீஷர்களில் ஒருவனான யூதாஸ். மார்த்தாளிடமிருந்து ஒரு முறையீடும் இல்லை. வேலை அவளைவிட்டுப் போகவில்லை, கலக்கம்தான் போயிருக்கிறது.

ஆகவே நானும் சபைப் பணியை விடப்போவதில்லை. ஏற்றுக்கொண்ட பொறுப்புகளில் என் பெலத்துக்கு மிஞ்சியவற்றை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி, அன்று மாலையே போதகருக்கு எழுதி அனுப்பினேன். வாசிப்புக்காக வைத்திருந்த அட்டவணையையும் வேதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.