அத்தையையும் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸுக்கு

வரும் செப்டம்பரில் ஆஸ்திரியாவில் இருக்கும் இன்ஸ்ப்ரூக் போவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற மகள், அப்புறம் எழுபதை நெருங்கும் என் மாமியார். விஷயம் வெளியே தெரிந்ததும் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஐரோப்பான்னா சுவிட்சர்லாந்துதானுங்களே போவாங்க, இதென்ன வாயில நுழையாத ஊரு?" மீதிப் பேர் பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேக்கேஜ் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏழு நாடு பேக்கேஜில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். விடியக் கருக்கலில் பெட்டியைக் கட்டி, ராத்திரி வேறு ஊரில் அவிழ்க்க வேண்டும். அத்தைக்கு முட்டி தேய்மானம், பிரஷர் மாத்திரை வேறு. ஊட்டிக்குப் போனாலே முதல் ராத்திரி மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அதனால் நான் முதலில் பார்த்தது ஊரின் உயரத்தை. ஊட்டி 2,240 மீட்டர். இன்ஸ்ப்ரூக் வெறும் 574 மீட்டர். கோயம்புத்தூரே 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆக நம் ஊரைவிடக் கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். ஊர் இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடக்கிறது, இரண்டு பக்கமும் மலை. பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரி கீழே வந்து நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மேலே போவதும் சுலபம். ஊர் நடுவிலேயே ஹங்கர்பர்க் மலை ரயிலின் நிலையம். ஜஹா ஹதீத் வடிவமைத்து 2007-இல் திறந்தது, கூரை பனி உருகி வழிவதுபோல் வளைந்திருக்கும். அந்த ரயிலில் ஏறி, அங்கிருந்து கேபிள் காரில் 1,905 மீட்டரில் இருக்கும் ஸேகுரூபே, பிறகு இன்னொரு கேபிள் காரில் ஹாஃபெலெகார். உச்சி 2,334 மீட்டர். வீட்டுக்காரர் இந்த எண்ணைக் கேட்டதும் சிரித்தார். "நம்ம தொட்டபெட்டாவே 2,637, இதைப் பார்க்க எதுக்கு அத்தனை தூரம்?" எண்ணை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டபெட்டா உச்சி வரைக்கும் சோலை பச்சையாக நிற்கிறது. இன்ஸ்ப்ரூக் நாற்பத்தேழு டிகிரி வடக்கில் இருக்கிறது, நாம் பதினொன்றில். அங்கே 2,000 மீட்டரை ஒட்டியே மரங்கள் நின்றுபோகின்றன, அதற்கு மேல் புல்லும் மொட்டைப் பாறையும். குளிர்காலத்தில் முழுக்கப் பனி மூடிவிடும். 1964-இலும் 1976-இலும் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் அது.

அத்தைக்குப் பனியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் பள்ளத்தாக்கில் பனி இருக்காது, அதனால் ஒரு நாள் ஸ்டூபாய் பனியாற்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பஸ், அப்புறம் கேபிள் கார். உச்சியில் 3,210 மீட்டரில் ஒரு பார்வை மேடை உண்டு. அத்தையை அதுவரை கூட்டிப்போக மாட்டோம். நடுவில் இருக்கும் நிலையத்தில் பனியைத் தொட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவது என்று டாக்டரிடமும் கேட்டு வைத்தாயிற்று.

ஏன் செப்டம்பர் என்பதுதான் இதில் நல்ல கதை. எனக்கு மே மாதம் வசதி, கம்பெனியில் லீவு கிடைக்கும். ஆனால் மே மாதம் அங்கே ரெண்டும்கெட்டான் காலம், கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பதும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகளை, குளிர் வருவதற்கு முன் செப்டம்பரில் ஊருக்கு இறக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வரும் பசுவுக்குத் தலையில் ஊசியிலைக் கிளையும் பூவும் ரிப்பனும் வைத்துப் பெரிய கிரீடம், கழுத்தில் பானை அளவு மணி. அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர், மடிப்பதை நிறுத்திவிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அத்தை காங்கேயம் மாட்டோடு வளர்ந்தவர். இப்போதும் தோப்பில் ஒரு பசு நிற்கிறது, பால் கறக்க வேறு யாரையும் விடமாட்டார். வீடியோவில் வந்தவற்றில் பல டைரோல் சாம்பல் மாடு என்கிற அந்த ஊர் இனம். நம் காங்கேயம் பசுவைப் போலவே வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், முகத்திலும் கழுத்திலும் கருமை. திமில் மட்டும் இல்லை.

"ஏன் அம்மிணி, மூக்கணாங்கயிறே காணமே? எப்படிப் புடிச்சு நிறுத்துவாங்க?"

"தெரியலீங்கத்தை. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்தக் கோடையில் மந்தையில் ஒரு மாடு செத்திருந்தாலோ, மாட்டுக்காரர் வீட்டில் சாவு விழுந்திருந்தாலோ, மாடுகளை அலங்கரிக்காமல் சும்மா ஓட்டிவருவார்களாம். அதைப் படித்துச் சொன்னேன். "பின்ன? அப்படித்தான் இருக்கோணும்," என்றார். நம் பக்கமும் பர்கூர் மலையில் மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அத்தைக்கு ஒரு மணி நேரக் கதை தெரியும். அன்றோடு மாதம் பற்றிய பேச்சு முடிந்தது. மாடு இறங்கும் தேதி ஊருக்கு ஊர் மாறும், மழையைப் பொறுத்தும் தள்ளிப்போகும். ஸ்டூபாய் பள்ளத்தாக்கு, ஸில்லர்டால் இரண்டில் எது நம் நாட்களோடு ஒத்துவருகிறதோ அங்கே.

பழைய நகரம் எனக்கு. கோல்டன் ரூஃப் என்று ஒரு மாடம், 1500-ஐ ஒட்டி மாக்ஸிமிலியன் மன்னருக்காகக் கட்டியது. முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். சதுக்கத்தில் நடக்கும் விளையாட்டையும் கூத்தையும் மேலே உட்கார்ந்து பார்ப்பதற்கு. அவர் தனக்காகப் போட்ட கல்லறைத் திட்டம் இன்னும் பெரிது. ஹோஃப்கிர்ஷே தேவாலயத்தில் ஆளைவிட உயரமான 28 வெண்கலச் சிலைகள் காலிக் கல்லறையைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. காலி, ஏனென்றால் அவரைப் புதைத்தது வீனர் நொய்ஷ்டாட்டில். கடைசிக் காலத்தில் அவர் இன்ஸ்ப்ரூக் வந்தபோது, பழைய பாக்கியைத் தீர்க்காததால் சத்திரக்காரர்கள் அவருடைய பரிவாரத்துக்கு இடம் கொடுக்க மறுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். திருப்பூரில் இருபது வருஷமாகப் பேமென்ட் பின்னால் அலைகிற எனக்கு, மன்னரைவிட அந்தச் சத்திரக்காரர்களைத்தான் பிடித்திருக்கிறது.

விசா வேலை ஒரு பக்கம் ஓடுகிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் இன்ஸ்ப்ரூக், தங்குவது முழுக்க ஆஸ்திரியா. பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரருக்கு வருமானம் தோப்பிலிருந்து, அதற்கு வரி கிடையாது, காட்டுவதற்குப் பெரிய ரிட்டர்னும் கிடையாது. சிட்டா, அடங்கலை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, தேங்காய் வியாபாரி பேங்கில் போட்ட பணத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னார் ஆடிட்டர். எனக்குப் பயம் அத்தையின் கைரேகை. ரேஷன் கடை மெஷினிலேயே விழாது. இப்போது தினமும் ராத்திரி விரலில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு சமையலறை உள்ள வீடாகப் பார்த்திருக்கிறோம். அரிசிம்பருப்புச் சோறு ஒரு குக்கரில் முடிந்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பால், கறி சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கையில் கொண்டுபோக முடியாது. நெய்யும் அதில் சேர்த்தி. பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் விடுவது அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை மட்டும். வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, எத்தனை தேங்காய் எடுத்துப் போகலாம் என்று கேட்கிறார். தண்ணிக்குக் கவலையில்லை, ஊருக்குக் குழாயில் வருவது மலை ஊற்று. சிறுவாணியை மிஞ்சி ஒரு தண்ணி கிடையாது என்கிற எங்கள் கோயம்புத்தூர் அண்ணன் ஒரு பாட்டில் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது. மகளுக்கு வாட்டென்ஸில் இருக்கும் ஸ்வரோவ்ஸ்கி கிரிஸ்டல் உலகம். வீட்டுக்காரருக்கு யென்பாக்கிலிருந்து ஆகென் ஏரிக்கு ஏறும் பல்சக்கர நீராவி ரயில். அது 1889-இல் ஓட ஆரம்பித்தது, நம் மேட்டுப்பாளையம் ரயில் குன்னூர் ஏறியது 1899-இல். இரண்டிலும் ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இரண்டு இடமும் ஒரே திசையில்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் அத்தையின் முட்டி தாங்காது. நான் ரயில் கட்சி. அத்தை இன்னும் ஓட்டுப் போடவில்லை, பேத்தி தினமும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.